ஆறாவது டயரின் சூடு

செனோன் கலிசாயா பத்தொன்பது வருடம் வெடிமருந்து லாரி ஓட்டினார். ஒரூரோ நகரத்துக் கிடங்கில் ஏற்றி, கணவாயைத் தாண்டி, அந்தப் பக்கமுள்ள வெள்ளீயச் சுரங்கங்களில் இறக்குவது அவருடைய வேலை. அவர் சட்டைப்பையில் எப்போதும் ஓர் அனுமதி அட்டை இருக்கும். அது உள்ளவர்கள்தான் வெடிமருந்து ஏற்றலாம். அட்டையின் பின்பக்கத்தில், ஓட்டுநர் செய்த தவறுகளை எழுத ஆறு கோடுகள் போட்டிருப்பார்கள். செனோனின் அட்டையில் அந்த ஆறு கோடுகளும் வெறுமையாகவே இருந்தன. அவருக்குப் பெருமை என்று ஒன்று இருந்தால் அது அந்த வெறும் கோடுகள்தான்.

பேட்டையிலும் கடைத்தெருவிலும் அவரைக் கல்நெஞ்சக்காரர் என்றார்கள். காரணம், மழையில் நனைந்து நிற்பவர்களைக்கூட அவர் வண்டியில் ஏற்றமாட்டார். அந்த மேட்டுநிலத்தில் லாரிதான் பேருந்து. கை காட்டினால் நிறுத்துவதுதான் மனிதத்தன்மை. ஆனால் வெடிமருந்து ஓட்டுநர்களுக்குக் கொடுக்கும் மஞ்சள் அட்டை போட்ட கையேட்டில் பயணிகள் கூடாது என்று எழுதியிருக்கிறது. வெடிமருந்தும் அதை வெடிக்கவைக்கும் டெட்டனேட்டரும் ஒரே வண்டியில் போகக்கூடாது, ஐம்பது அடிக்குள் நெருப்பு ஆகாது, ஊருக்குள் நிறுத்தக்கூடாது, ஆலங்கட்டி மழையில் கணவாய் ஏறக்கூடாது என்று முப்பத்தொரு விதிகள். செனோன் அதிகம் படித்தவர் இல்லை. ஆனாலும் முப்பத்தொன்றும் எண் வரிசையோடு அவருக்கு மனப்பாடம்.

"இந்த விதி ஒவ்வொண்ணும் எவனோ ஒருத்தன் செத்ததுக்கப்புறம் எழுதினது" என்பார். "செத்தவன் பேரை மட்டும் எழுதாம விட்டுட்டாங்க."

அவருடைய மனைவி ருஃபினா அவர் சொல்லை எதிலும் தட்டுபவள் இல்லை. ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் இருவருக்கும் ஒத்துப்போகாது. கார்னிவல் திருவிழாவின் செவ்வாய்க்கிழமை அங்கே எல்லோரும் வீட்டுக்கும் வயலுக்கும் வண்டிக்கும் படையல் போடுவார்கள். தரையில் சாராயம் தெளித்து, வண்ணக் காகித நாடாக்களைச் சுற்றி, பட்டாசு கொளுத்துவார்கள். மணமுள்ள செடியையும் லாமா என்ற மலைவிலங்கின் கொழுப்பையும் கனலில் போட்டு, அந்தப் புகையைப் பூமித்தாய்க்குக் கொடுப்பார்கள். படையல் வாங்காத வண்டியை மலை வாங்கிக்கொள்ளும் என்று ருஃபினா உறுதியாக நம்பினாள். செனோனின் அண்ணன் அன்செல்மோ கணவாயில் வண்டியோடு உருண்டு செத்த வருடம், அவன் அந்தச் செவ்வாய்க்கிழமை ஊரில் இல்லை, வண்டிக்குப் படையல் நடக்கவில்லை. ருஃபினா அந்தக் கணக்கை ஒருபோதும் மறக்கவில்லை.

செனோனுக்கும் நம்பிக்கை உண்டு. அதனால் ஒவ்வொரு வருடமும் கார்னிவலுக்கு முன்பே சரக்கை இறக்கிவிடுவார். வெறும் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி, அதற்கும் நூறு அடி தள்ளி ருஃபினா கனல் வைக்கச் சம்மதிப்பார். அவள் விசிறி விசிறிப் புகையை வண்டிப் பக்கம் அனுப்புவாள். இப்படித்தான் காலம் போனது.

ஏழு வருடங்களுக்கு முன் வந்த கார்னிவலில் மழை முந்திக்கொண்டது. ஆற்றுப் பாலத்தில் வெள்ளம் ஏறி, லாரி இரண்டு நாள் தாமதமானது. செவ்வாய்க்கிழமை காலையில் கணவாயில் ஆலங்கட்டி விழுகிறது என்று செய்தி வந்தது. விதிப்படி செனோன் விலாகோயோ பேட்டையில் வண்டியை நிறுத்தினார். அது சுற்றுச்சுவர் கட்டிய காலி நிலம். வெடிமருந்து வண்டி நிற்பதற்கென்றே ஒதுக்கப்பட்டது. முதல் வீட்டிலிருந்து நானூறு அடி தள்ளி இருக்கிறது. விலாகோயோ அவருடைய சொந்த ஊர். நூற்றியிருபது பெட்டி டைனமைட்டோடு, கார்னிவல் நாளில், சொந்த ஊர் வாசலில் நின்றார்.

கிளீனர் எலோய்க்கு நாற்பத்தைந்து வயது. செனோனோடு பதினோரு வருடம் சுற்றியவர். அவர் வண்டியைச் சுற்றி வந்து பெருமூச்சு விட்டார்.

"வாத்தியாரே, இன்னிக்கு இதுக்கு ஒரு சொட்டுச் சாராயம்கூட இல்லையா?"

"இல்ல."

"நாளைக்கு இதே வண்டியிலதானே கணவாய் ஏறணும்?"

"ஏறுவோம். நீ சக்கரத்துக்குக் கட்டை போட்டியா?"

மதியம் ருஃபினா சாப்பாடு கொண்டுவந்தாள். ஆட்டுக்கறியும், உறைய வைத்துக் காயப்போட்ட உருளைக்கிழங்கும். முதுகில் கட்டிய வண்ணத் துணிக்குள் இன்னொரு மூட்டையும் இருந்தது. செனோன் வாயிற்கதவுக்கு வெளியே கல்லில் உட்கார்ந்தார். எலோய் உள்ளே வண்டியோடு இருந்தார். இருவரில் ஒருவர் எப்போதும் வண்டியை விட்டு விலகக்கூடாது, அதுவும் விதி. எலோய்க்குச் சாப்பாடு கொடுத்துவிட்டு வருகிறேன் என்று ருஃபினா உள்ளே போனாள், திரும்பி வந்தாள். செனோன் சாலையைப் பார்த்து உட்காரும்படி அவருக்கு எதிரே தானும் உட்கார்ந்தாள்.

"மெதுவா சாப்பிடு. இன்னிக்கு எங்கயும் ஓடப்போறதில்லயே."

ஊரிலிருந்து பித்தளை வாத்தியம் கேட்டது. அன்று அவள் வழக்கத்தைவிட அதிகம் பேசினாள். ஆடு குட்டி போட்டது, தங்கை மகளின் கல்யாணம், கூரைத் தகரம் பறந்தது. செனோனுக்கு அது பிடித்திருந்தது. இரண்டு வாரம் அவள் குரலைக் கேட்கவில்லை.

காற்று திரும்பியபோது அவருக்கு முதலில் மணச்செடியின் வாசம் வந்தது. ஊரெல்லாம் அந்த வாசம்தானே என்று இன்னொரு கவளம் எடுத்தார். அடுத்த மூச்சில் ரப்பர் வாசம். தட்டு கையிலிருந்து விழுந்தது.

வண்டியின் பின்சக்கரத்துக்குப் பின்னால் கறுத்த புகை. ஒரு தகர டப்பாவில் கனல், அதன் மேல் படையல். காற்றுக்கு மறைவாக இருக்கட்டும் என்று எலோய் அதைச் சக்கரத்தை ஒட்டியே வைத்திருந்தார். அச்சில் காகித நாடாக்களைச் சுற்றிக் கட்டியிருந்தார். நாடா பற்றி, சேறு தடுக்கத் தொங்கும் ரப்பரில் ஏறி, அங்கிருந்து ஆறாவது டயரை நக்கிக்கொண்டிருந்தது. எலோய் மேற்சட்டையைக் கழற்றி அடித்துக்கொண்டிருந்தார்.

"ஓடுங்க ரெண்டு பேரும்!" என்று செனோன் கத்தினார். இருவரும் ஓடவில்லை.

கையேட்டில் தீ பற்றி இரண்டு பக்கம் இருக்கிறது. தீ சரக்கைத் தொட்டுவிட்டால் அணைக்க நிற்காதே, ஓடு. டயரில் இருந்தால், சரக்குக்கு ஏறுமுன் கையில் உள்ளதையெல்லாம் கொண்டு அணை. செனோன் வண்டித் தளத்தின் அடிப்பலகையைப் பார்த்தார். அது இன்னும் பற்றவில்லை. தீயணைப்புச் சிலிண்டர் இரண்டையும் தீர்த்தார். ருஃபினா பாவாடையில் மண்ணை அள்ளி அள்ளிக் கொட்டினாள். நான்கு நிமிடம் இருக்கும். தீ அணைந்தது.

மூவரும் இருமிக்கொண்டு நின்றார்கள். முதலில் பேசியது எலோய்.

"வாத்தியாரே, அடிங்க. ரெண்டு அறை வேணும்னா அறைங்க. ஆனா யாரும் பார்க்கல. ரப்பரை வெட்டி எறிஞ்சிட்டு, டயரைக் கழுவிட்டா முடிஞ்சது. உங்க அட்டையில எவன் எழுதப்போறான்?"

ருஃபினா கரி படிந்த கைகளைப் பார்த்தபடி நின்றாள். "நான் கொடுத்ததுதான். கனலை வீட்டுலேர்ந்து மூடி எடுத்துட்டு வந்தேன். அன்செல்மோ மாதிரி உன்னையும் கொடுக்க என்னால முடியாது, செனோன்."

செனோன் குந்தி உட்கார்ந்து, புறங்கையை டயருக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். தொடுவதற்கு முன்பே கையை இழுத்துக்கொண்டார். டயரின் தீ மற்றத் தீ மாதிரி இல்லை. வெளியே அணைந்த மாதிரி இருக்கும். உள்ளே சூடு உட்கார்ந்திருக்கும். ஒரு மணி நேரம் கழித்தோ, மூன்று மணி நேரம் கழித்தோ அதுவாகவே மறுபடி பற்றும். அப்படிப் பற்றினால் அணைக்கச் சிலிண்டரில் ஒன்றும் மிச்சமில்லை. வண்டியை நகர்த்தவும் கூடாது. அதனால் விதி சொல்வது ஒன்றுதான். டயர் ஆறும்வரை ஒரு கிலோமீட்டருக்குள் யாரும் இருக்கக்கூடாது, அதிகாரிக்குத் தகவல் சொல்ல வேண்டும்.

நானூறு அடியில் ஊர் முழுக்க ஆடிக்கொண்டிருந்தது.

"நான் ஊருக்குச் சொல்லப் போறேன். எலோய், நீ கணவாய்ப் பக்கம் போய் நின்னு வர்ற வண்டியை நிறுத்து" என்றார்.

"சொன்னா அட்டை போயிரும், வாத்தியாரே."

"தெரியும்."

"இதைவிட்டா உங்களுக்கு வேற என்ன இருக்கு?"

"நீ போறியா, நான் தள்ளிவிடணுமா?"

சதுக்கத்தில் முன்னூறு பேர் இருந்தார்கள். அந்த வருட விழாவை ஏற்றவர் கசிமிரோ; மரியாதைக்கு எல்லோரும் டான் கசிமிரோ என்பார்கள். அதற்காக மூன்று வருடம் வேலை செய்தவர். எட்டு ஆடு வெட்டி, நகரத்திலிருந்து வாத்தியக்குழு கூட்டிவந்திருந்தார். செனோன் நேராகப் போய் பெரிய முரசின் மேல் கையை வைத்தார். முரசு நின்றதும் மற்ற வாத்தியங்கள் ஒவ்வொன்றாகத் தடுமாறி நின்றன.

"என் வண்டியில தீ பிடிச்சுது. அணைச்சாச்சு. ஆனா மறுபடி பிடிக்கலாம். எல்லாரும் மேட்டுக்கு அந்தப் பக்கம் போகணும். இப்பவே."

முதலில் சிரித்தார்கள். "அடேங்கப்பா, கல்நெஞ்சருக்கும் கார்னிவல் ஏறிடுச்சு! ஒரு கோப்பை கொடுங்கடா!" என்றான் ஒருவன்.

டான் கசிமிரோ சிரிக்கவில்லை. "அணைஞ்ச தீக்கு எதுக்கய்யா என் விழா அணையணும்? எப்படிப் பிடிச்சுது? வயர் உரசிச்சா?"

பின்னால் வந்து நின்ற ருஃபினாதான் சொன்னாள்.

"நான் வெச்ச படையல். நிறைஞ்ச வண்டிக்குக் கீழே வெச்சேன்."

அந்தக் கூட்டத்தில் அதே காரியத்தைச் செய்திருக்கமாட்டேன் என்று சொல்லக்கூடியவர்கள் எத்தனை பேர் இருந்தார்கள் என்று தெரியாது. முதலில் தாய்மார்கள் குழந்தைகளைத் தூக்கினார்கள். பிறகு எல்லோரும் நகர்ந்தார்கள்.

"எட்டு ஆடும் அடுப்பிலயே கருகட்டும். நல்லா வெச்சீங்கம்மா படையல்" என்று டான் கசிமிரோ நடந்துகொண்டே சொன்னார். ருஃபினா தலையைக் குனிந்துகொண்டாள்.

ஒரு கிலோமீட்டர் தள்ளி, மேட்டுக்கு அந்தப்பக்கம், ஜிகினா உடையோடும் கொம்பு வைத்த முகமூடிகளோடும், முன்னூறு பேர் ஈரத்தரையில் உட்கார்ந்தார்கள். ஆலங்கட்டி அங்கேயும் வந்தது. ஆண்கள் குழந்தைகளின் தலைக்கு மேல் முகமூடிகளைப் பிடித்தார்கள். அந்த மேட்டில் மட்டும்தான் கைபேசிக்குச் சிக்னல் கிடைக்கும். செனோன் கிடங்குக்கு அழைத்தார், நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். அரைமணிக்கு ஒரு தடவை அவர் மட்டும் கீழே இறங்கிப்போய் டயரின் பக்கத்தில் கையை வைத்துப் பார்த்தார். அவர் பேட்டைக்குள் போய் மறையும் ஒவ்வொரு தடவையும், மேட்டின் உச்சியில் உட்கார்ந்திருந்த ருஃபினா எழுந்து நின்றாள். வெளியே வந்த பிறகுதான் உட்கார்ந்தாள்.

"என்ன, வெடிக்குதா? இல்ல அதுவும் லீவுல இருக்கா?" என்று யாரோ கேட்டார்கள். இரண்டாம் தடவை கேட்டபோது யாரும் சிரிக்கவில்லை.

ஒன்றும் வெடிக்கவில்லை. ஆறாவது தடவை போனபோது டயர் கல் மாதிரி குளிர்ந்திருந்தது. வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. ஊர் இறங்கிப் போனது. வாத்தியக்குழு வந்த வண்டியிலேயே திரும்பிவிட்டது. உட்கார்ந்திருக்க வேண்டிய அவசியம் இருந்ததா இல்லையா என்று விலாகோயோவில் இன்றுவரை வாக்குவாதம் நடக்கிறது. செனோனிடம் கேட்டால், "எனக்கும் தெரியாது" என்பார். டான் கசிமிரோ அவரிடம் பேசுவதை நிறுத்திவிட்டார்.

மறுநாள் காலை அதிகாரி மொன்தான்யோ புது டயரோடும் இன்னொரு ஓட்டுநரோடும் வந்தார். வண்டியைச் சுற்றிப் பார்த்தார். அடிப்பலகையில் கருகிய இடத்தை விரலால் தேய்த்தார். பிறகு படிவத்தை முழங்காலில் வைத்துக்கொண்டு, தீக்குக் காரணம் என்ன என்று கேட்டார்.

"வண்டி என் பொறுப்பு. நான் வெளிய உட்கார்ந்து சாப்பிட்டேன். அதை எழுதுங்க" என்றார் செனோன்.

"கனல் வெச்சது நான். கொண்டுவந்தவ நான், வெக்கச் சொன்னவ நான். என் பேரை எழுதுங்க ஐயா" என்றாள் ருஃபினா.

"இதுல ஓட்டுநர் பேருக்கும் கிளீனர் பேருக்கும்தான் இடம் இருக்கு, அம்மா."

"ஓரத்துல இடம் இருக்கே."

அதிகாரி அவளை நிமிர்ந்து பார்த்தார். ஓரத்தில் எழுதினார். பிறகு செனோனிடம் கையை நீட்டினார். செனோன் சட்டைப்பையிலிருந்து அட்டையை எடுத்தார். பின்பக்கத்தைப் பார்க்காமலே கொடுத்தார்.

"பத்தொன்பது வருஷமா, டான் செனோன்?"

"ஜூன்ல இருபது."

"ஊரைக் கிளப்பினது நீங்களேதான்னு எழுதியிருக்கேன். அதனால ஒண்ணும் மாறாது. ஆனா எழுதியிருக்கேன்."

டயரை மாற்றினார்கள். எலோயை விசாரணைக்கு நகரத்துக்கு அழைத்துப்போக அதிகாரியின் ஜீப் நின்றது. புது ஓட்டுநர் வண்டியில் ஏறி, கணவாய்ப் பக்கம் திருப்பினார். வானம் வெளுத்திருந்தது. செனோனும் ருஃபினாவும் பேட்டை வாசலில் நின்று, வளைவு வளைவாக ஏறும் லாரியைப் பார்த்தார்கள். அது அவர்களுடைய வண்டிதான். படையல் பாதியில் நின்றுபோன வண்டி.

ருஃபினா இடுப்புப் பையிலிருந்து, மலையை வேண்டி ஊதும் கோக்கா இலை மூன்றை எடுத்து, விரல்களுக்கு நடுவே சேர்த்துப் பிடித்தாள். மலையைப் பார்த்து ஊதுவதற்கு முன் நின்றாள்.

"வண்டியை எடுத்துட்டுப் போற அந்த ஆளு பேரு என்ன?"

"கேக்கல."

"பேரு தெரியாம எப்படி வேண்டிக்கிறது?"

செனோன் வண்டியின் எண்ணைச் சொன்னார். நான்கு இலக்கம், மூன்று எழுத்து. மெதுவாக, ஒவ்வொன்றாகச் சொன்னார். அவள் அதைத் திருப்பிச் சொல்லிக்கொண்டே மலையைப் பார்த்து ஊதினாள்.