குளத்துக்கு வெட்டிய ஆடு

இப்போது நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது. குழாயில் தண்ணீர் வராததற்கு ஓர் ஆட்டைக் குற்றம் சொன்ன கூட்டம் எங்களுடையது.

எண்பதுகளில் மலேசியாவின் கோலசிலாங்கூர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். இருந்தது ஒரே ஆறு, அதற்கு மூன்று வாய். மேலே ரப்பர் ஆலை பம்பு வைத்து உறிஞ்சும். நடுவில் தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயம். கீழே கம்பம் என்கிற கிராமத்து மலாய்க்காரர்களின் நெல்வயல். வெயில் காலம் வந்தால் ஆலை குடித்த மிச்சத்துக்காக நாங்களும் கம்பத்துக்காரர்களும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு நிற்போம். ஆலையை மட்டும் யாரும் முறைத்ததில்லை. அதற்குத்தான் தோட்டத்து மேனேஜர் துரை இருக்கிறாரே!

அந்தத் துரைதான் ஆற்றோரப் பள்ளத்தில் குளம் வெட்டப்போவதாகச் சொன்னார். மழைத் தண்ணீரைத் தேக்கிவைத்தால் வெயில் காலத்தில் ஆலைக்கும் ஆச்சு, லயத்துக்கும் ஆச்சு, ஆற்றை வயலுக்கு விட்டுவிடலாம் என்றார். யோசனையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பள்ளத்தில்தான் அம்மாவின் காய்கறித் தோட்டம் இருந்தது. பால்மரம் சீவிவிட்டு வந்த கையோடு தண்ணீர் சுமந்து அவள் வளர்த்த வெண்டையும் கத்தரியும். "குழாயில பகல் முழுக்கத் தண்ணி வருமாம்டி, போனாப் போவுது" என்று அவளே எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டாள்.

குளம் நிறைந்ததும் கரையில் பூசை. புதிதாக எது வந்தாலும் எங்கள் ஆட்கள் காவு கொடுக்காமல் தொடமாட்டார்கள். துரையே ஆடு வாங்கிக் கொடுத்தார். வெட்டுவதற்கு முன் ஆட்டின் தலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். அது உடம்பைச் சிலுப்பினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று அர்த்தம். அந்த ஆடோ சிலுப்பவே இல்லை. குடம் குடமாக ஊற்றியும் மரம்போல் நின்றது. துரை கடிகாரத்தைப் பார்த்தார். ஆட்களை வேலை வாங்கும் மண்டோராக இருந்த அப்பா, துரைக்குத் தெரியாமல் அதன் காதில் விரலை விட்டுக் குடைந்தார். சிலுப்பியது. பெண்கள் குலவை போட்டார்கள்.

அந்த வெயில் காலத்தில் ஆற்றைச் சொன்னபடி வயலுக்கு விட்டார்கள், குளம் தளும்பியது, ஆலை ஓடியது, எங்கள் குழாய் மட்டும் காற்று விட்டது. குளத்தைச் சுற்றி முள்வேலி. குடத்தோடு போன பெண்களைக் காவல்காரர் மாட்டை விரட்டுவதுபோல் விரட்டினார். லயமே கோயிலடியில் கூடியது. "ஆடு மனசு ஒப்பல. அன்னைக்கே தெரிஞ்சிச்சு லா" என்றார் பூசாரி. அப்பா தலையைக் குனிந்துகொண்டார். மற்றவர்கள் ஆமாம் போட்டார்கள்.

லோரி ஓட்டிக்கொண்டிருந்த மாமாவுக்கு, அம்மாவின் தம்பிக்கு, வந்ததே கோபம்! "குளத்துலேர்ந்து ஒரே ஒரு பைப்புதான் கெளம்புது. அது நேரா ஆலைக்குப் போவுது. லயத்துக்குப் பைப்பே போடல. ஆடு என்னய்யா பண்ணும்?" என்று கத்தினார்.

"சாமி காரியத்துல வாய வைக்காத" என்று அப்பா அவரை அடக்கினார்.

அம்மா எழுந்து, "அப்ப என் தோட்டம்?" என்று கேட்டாள்.

மறுநாள் பெரியவர்கள் துரை வீட்டு வாசலில் போய் நின்றார்கள். நம் பேச்சு ஏறிவிட்டது, பைப்பு கேட்கத்தான் போகிறார்கள் என்று மாமா நினைத்தார். அவர்கள் கேட்டது இன்னோர் ஆடு. துரை ஒரு வார்த்தை மறுக்கவில்லை. உடனே லோரி அனுப்பிக் கொழுத்த கிடாயாகப் பார்த்து இறக்கினார். இந்தத் தடவை அது முதல் சொம்புக்கே சிலுப்பியது. லயமெல்லாம் கறி மணம்.

மாமா அந்தக் கறியைத் தொடவில்லை. அம்மாவும் தொடவில்லை. எனக்கு அவர்கள்மேல்தான் ஆத்திரமாக வந்தது. கேட்டவுடன் ஆடு வாங்கிக் கொடுக்கிற துரையைப்போல நல்ல மனிதர் உலகத்தில் உண்டா என்று நினைத்தேன். லயம்வரைக்கும் பைப்பு இழுப்பதைவிட ஆடு மலிவு என்று அந்த வயதில் எனக்கு எப்படித் தெரியும்?