ஒத்துக்கொள்ளச் சொன்னவன் நான்

1. இரண்டு காரணம் சொன்ன கடிதம்

திருவண்ணாமலை கோர்ட்டில் முப்பது வருஷமாக கிரிமினல் சைடு பார்க்கிறேன். புதிதாக வரும் வக்கீல்கள் என்னிடம் வந்து, நான் ஜெயித்த கேஸ்களைப் பற்றிக் கேட்கிறார்கள். அதில் கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லை. நான் கெடுத்த ஒரு கேஸைச் சொல்கிறேன். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு உடம்பு எரிகிறது.

ஒரு திங்கட்கிழமை காலை, கறுப்புக் கோட்டை எடுத்துக்கொண்டு கோர்ட்டுக்குக் கிளம்பும் நேரத்தில் கலைவாணி என் ஆபீசுக்குள் வந்தாள். கீழ்பென்னாத்தூர் பக்கத்துக் கிராமம். இருபத்திரண்டு வயது. பெண் காவலர் தேர்வில் எழுத்து, உயரம், ஓட்டம் எல்லாம் தேறியிருந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. ஒரு கடிதத்தை மேசைமேல் வைத்தாள்.

"படிங்க சார்."

தேர்வை ரத்து செய்திருந்தார்கள். காரணம் இரண்டு. அவள் கிரிமினல் வழக்கில் தண்டனை பெற்றவள். விண்ணப்பத்தில் அதை மறைத்தவள்.

"அன்னிக்கு இன்னா சொன்னீங்க சார்? இன்னியோட முடிஞ்சிபோச்சு, இனிமே உம்மேல எதுவும் இல்லன்னீங்க. அத நம்பித்தான் ஃபாரத்துல கேஸ் இல்லனு எழுதினேன். இப்ப நான் பொய் சொன்னவளா?"

நான் அப்படிச் சொன்னது உண்மை.

2. பன்னிரண்டு பேருக்கு ஒரே பதில்

அதற்கு மூன்று வருஷம் முன்பு அவர்கள் ஊரில் இருபது நாளாகக் குடிதண்ணீர் வரவில்லை. மனு கொடுத்துப் பார்த்துவிட்டுப் பெண்கள் காலிக் குடத்தோடு ரோட்டில் உட்கார்ந்தார்கள். அம்மாவோடு கலைவாணியும் போனாள். ஒரு மணி நேரம் மறியல். அதிகாரி வந்து பேசியதும் எழுந்து போய்விட்டார்கள். அன்று அங்கே இருநூறு பேராவது இருந்திருப்பார்கள். சம்மன் வந்தது பன்னிரண்டு பேருக்கு. போலீசுக்கு யார் யார் பெயர் கிடைத்ததோ அவர்கள்மேல் கேஸ். சட்டவிரோதமாகக் கூடியது, பாதையை மறித்தது.

கேஸ் என்னிடம் வந்தது. அவர்கள் ஆஜராக வேண்டிய நாளில் எனக்கு வேறு கோர்ட்டில் ஒரு பெயில் மனு இருந்தது. பன்னிரண்டு பேரையும் வராண்டாவில் நிற்க வைத்து ஐந்து நிமிஷம் பேசினேன்.

"மாஜிஸ்திரேட் ஐயா கேட்டா ஒத்துக்கறோம்னு சொல்லுங்க. கோர்ட் கலையற வரைக்கும் உள்ள உக்காரச் சொல்வாரு. சாயங்காலம் ஊட்டுக்குப் போயிடலாம். கேஸ் நடத்தினா ரெண்டு வருஷம் அலையணும்."

எல்லோரும் தலையாட்டினார்கள். கலைவாணி மட்டும் கேட்டாள். "நாங்க தப்பு எதுவும் செய்யலயே சார். இன்னாத்துக்கு ஒத்துக்கணும்?"

"நீ ஒருத்தி மாட்டேன்னா மத்தவங்க கேஸும் இழுக்கும்மா. பாவம், எல்லாம் கூலி வேலைக்குப் போறவங்க."

அது பொய். அவள் கேஸை மட்டும் தனியாகப் பிரித்து நடத்தியிருக்கலாம். எனக்கு அது நன்றாகத் தெரியும். எனக்கு நேரம் இல்லை, அவ்வளவுதான். பத்தொன்பது வயதுப் பெண் சரியான கேள்வியைக் கேட்டாள். மற்றவர்களைக் காட்டி அவள் வாயை அடைத்தேன்.

உள்ளே பெயர்களை வாசித்தார்கள். குற்றச்சாட்டு என்னவென்று யாரும் அவர்களுக்குப் படித்துச் சொல்லவில்லை. நிலுவை கேஸ்களைக் குறைக்க வேண்டிய அவசரம் அன்று எல்லோருக்கும் இருந்தது. "ஒத்துக்கறோம்" என்று பன்னிரண்டு பேரும் சொன்னார்கள். சாயங்காலம் வரை பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு, போகும்போது என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். இன்றோடு முடிந்தது, இனிமேல் உங்கள்மேல் எதுவும் இல்லை என்று சொல்லி அனுப்பினேன்.

அப்படி உட்கார்ந்ததே சட்டப்படி அவர்கள் பெற்ற தண்டனை. ஆயுசுக்கும் ரிக்கார்டில் நிற்கும். அந்த வார்த்தையை நான் ஒரு முறைகூட அவர்களிடம் சொல்லவில்லை.

3. என் அஃபிடவிட்

கடிதத்தைப் படித்த அன்றே பழைய கேஸ் கட்டின் நகலுக்கு மனு போட்டேன். நகல் வந்தது. பன்னிரண்டு பேரின் பதிலும் ஒரே கையெழுத்தில், ஒரே வாக்கியமாக இருந்தது: 'குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன்.' குற்றச்சாட்டை விளக்க வேண்டும், குற்றம் சாட்டப்பட்டவர் சொன்ன பதிலை முடிந்தவரை அவர் சொன்ன வார்த்தையிலேயே பதிய வேண்டும் என்பது சட்டம். எந்த ஊர்ப் பெண் 'ஒப்புக்கொள்கிறேன்' என்று பேசுவாள்?

தண்டனையை மறுபடி பரிசீலிக்கச் சொல்லி செஷன்ஸ் கோர்ட்டில் ரிவிஷன் போடலாம். ஆனால் மூன்று வருஷத் தாமதத்துக்குக் காரணம் சொல்ல வேண்டும். காரணம் நான். இது தண்டனை என்று அவளுக்குச் சொல்லவில்லை, மறுக்கும் உரிமை இருக்கிறது என்று சொல்லவில்லை, தவறான காரணம் சொல்லி ஒத்துக்கொள்ள வைத்தேன் என்று என் பெயரில் அஃபிடவிட் எழுதினேன்.

நானே சாட்சி ஆகிவிட்டதால் நான் வாதாட முடியாது. நண்பர் பாஸ்கரிடம் கட்டைக் கொடுத்தேன். படித்துவிட்டுக் கத்தினார்.

"உனுக்கு இன்னா பைத்தியமா? இத எவனாவது பார் கவுன்சிலுக்குத் தூக்கிட்டுப் போனா உன் தொழிலே போயிடும்."

"போகட்டும். நீ ஆஜராவியா, மாட்டியா?"

ஆஜரானார். அரசுத் தரப்பில், "மூணு வருஷம் சும்மா இருந்துட்டு, வேலை போச்சுன்னதும் வந்திருக்காங்க" என்றார்கள். நீதிபதி என் அஃபிடவிட்டைப் படித்துவிட்டு, பின்னால் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார்.

"இது நீங்களா எழுதினதா? யாராவது கேட்டு எழுதினீங்களா?"

"நானே எழுதினதுங்க ஐயா. நடந்ததுதான்."

கலைவாணியின் தண்டனையை ரத்து செய்து, கேஸை முதலிலிருந்து நடத்த உத்தரவு போட்டார்.

4. அவள் சொன்ன பதில்

இந்த முறை மாஜிஸ்திரேட் குற்றச்சாட்டைத் தமிழில் நிதானமாகப் படித்துக் காட்டினார். கலைவாணி கூண்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"தண்ணி வரலன்னு கேக்கப் போனேங்க ஐயா. குத்தம் எதுவும் செய்யல."

பெஞ்ச் கிளார்க் நிமிர்ந்து, "ஒத்துக்கறியா, இல்லியா? அத மட்டும் சொல்லு" என்றார்.

"அவங்க சொன்னதையே எழுதுங்க" என்றார் மாஜிஸ்திரேட்.

சாட்சி சொல்ல வந்த காவலருக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. "கூட்டத்துல இருந்தாங்கனு சொன்னாங்க" என்றார். யார் சொன்னது என்று பாஸ்கர் கேட்டதற்கு, ஞாபகம் இல்லை என்றார். இந்த ஒரு சாட்சியை விசாரிக்க நேரம் இல்லாமல்தான் நான் ஒரு பெண்ணை ஒத்துக்கொள்ள வைத்தேன். அவளுக்கு எதிராக எந்தச் சாட்சியமும் இல்லை என்று தீர்ப்பு எழுதி விடுதலை செய்தார்கள்.

அதற்குள் ஒன்றரை வருஷம் ஓடிவிட்டது. அவளோடு தேறியவர்கள் பயிற்சி முடித்து வேலைக்குப் போய்விட்டார்கள். அடுத்த தேர்வில் கேஸ் நம்பர், தீர்ப்பு எல்லாம் எழுதி விண்ணப்பித்தாள். ஓட்டத்தில் இரண்டு நொடி பிந்திவிட்டாள். முதல் தடவை ஓடிய காலுக்கும் இந்தக் காலுக்கும் நடுவே ஒன்றரை வருஷக் கோர்ட் படி இருந்தது. தீர்ப்பு அவளுக்கு வேலையைத் திருப்பித் தரவில்லை.

தண்ணீர் விடாதவர்கள்மேல் கேஸ் இல்லை. கையில் கிடைத்த பெயரை எழுதியவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்கும் ஒன்றும் ஆகவில்லை. கலைவாணி ஒருத்திதான் அனுபவித்தாள்.

5. இப்போது

ஜூனியர்களே, "சின்ன கேஸ்தான், ஒத்துக்கிட்டுப் போயிடு" என்று யாரிடமும் சொல்லாதீர்கள். ஒத்துக்கொண்டால் அது தண்டனை என்று அந்த வார்த்தையையே சொல்லுங்கள். அரசு வேலை, பாஸ்போர்ட் எல்லாவற்றிலும் அது குறுக்கே வரலாம் என்று சொல்லுங்கள். அப்புறம் முடிவை அவர்களிடம் விடுங்கள். அதற்கு நேரம் இல்லை என்றால் கேஸ் கட்டை வாங்காதீர்கள்.

கலைவாணி இப்போது ஒரு தனியார் பள்ளியில் விளையாட்டு டீச்சர். போன மாதம் அவளிடமிருந்து போன் வந்தது.

"சார், எங்க ஊர்ல இன்னொரு மறியல் கேஸ். ஆறு பேருக்கு சம்மன். உங்ககிட்டதான் கூட்டினு வரேன். நானும் கூட உக்காருவேன்."

வந்தாள். ஆறு பேருக்கும் ஒன்றரை மணி நேரம் விளக்கினேன். அவள் என் எதிரிலேயே உட்கார்ந்து ஒவ்வொரு வார்த்தையையும் கேட்டாள். நான் முடித்ததும் அவர்கள் பக்கம் திரும்பினாள்.

"புரிஞ்சுதா? புரியலன்னா புரியலன்னே சொல்லுங்க. சார் திரும்பச் சொல்லுவாரு."

ஒரு அம்மா புரியவில்லை என்றார். நான் முதலிலிருந்து ஆரம்பித்தேன்.