புருவம் சொன்ன சம்மதம்

எங்கள் வுனிதோவு கிராமத்தில் ஆமாம் என்று சொல்ல யாரும் வாயைத் திறப்பதில்லை. இரண்டு புருவத்தையும் ஒரு தடவை மேலே தூக்கி இறக்கினால் போதும். சாப்பிட்டாயா என்றால் புருவம். படகு வந்துவிட்டதா என்றால் புருவம். கோயிலில் பாதிரியார், "இவளை மனைவியாக ஏற்றுக்கொள்கிறாயா?" என்று கேட்டபோது புருவத்தைத் தூக்கிவிட்டு நின்ற மாப்பிள்ளைகள் எங்கள் ஊரில் உண்டு. அந்தக் கல்யாணங்களும் மற்றக் கல்யாணங்களைப் போலத்தான் ஓடிக்கொண்டிருக்கின்றன.

அந்த மாப்பிள்ளைகளில் ஒருவன் விலிகேசா. ஊரிலேயே பெரிய புருவம் அவனுடையது. தேங்காய் நாரைக் கொஞ்சம் பிய்த்துக் கண்ணுக்கு மேலே ஒட்டியதுபோல இருக்கும். மைதானத்தின் அந்தக் கோடியில் அவன் ஆமாம் சொன்னால் இந்தக் கோடியில் தெரியும்.

ஐம்பதைத் தாண்டியவன். மரவள்ளியும் சேப்பங்கிழங்கும் போடுகிறவன். அண்ணன் இறந்ததிலிருந்து அவனுடைய வம்சத்துக்கு அவன்தான் தலைவன். ஒரு காலத்தில் அவன் தோட்டத்திலிருந்து வீடு வந்து சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிடும். வழியில் எந்த வாசலில் யார் உட்கார்ந்திருந்தாலும் கத்தியை மடியில் வைத்துக்கொண்டு இவனும் உட்கார்ந்துவிடுவான். ஒரே கதையை நாலு வீட்டில் நாலு விதமாகச் சொல்லுவான்.

எங்கள் தீவு நாட்டின் தலைநகர் சுவாவில் வேலை பார்க்கும் மகள் சேரா ஒரு கைபேசி வாங்கி அனுப்பினாள். அப்பாவின் முகத்தைத் தினம் பார்க்க வேண்டும் என்று ஆசை. முதல் மாதம் பார்த்தாள். பிறகு அவள் கூப்பிட்டால் விலிகேசா வெட்டிவிட ஆரம்பித்தான். ஏனென்றால் கைபேசி தானாகவே அவனுக்கு ஒன்றைக் காட்டிக் கொடுத்திருந்தது. எங்கோ ஒரு குளிர் தேசத்தில், கன்னம் சிவந்த ஒருவன் மாட்டின் காலைத் தூக்கிக் கட்டி, குளம்பைச் சீவுகிறான். உள்ளே கல் மாட்டியிருக்கிறது. எடுக்கிறான். சீழ் வடிகிறது. கழுவுகிறான். மாடு நொண்டாமல் நடந்து போகிறது. அவ்வளவுதான்.

விலிகேசாவிடம் மாடு இல்லை. எங்கள் ஊரிலேயே மாடு இல்லை. ஆனாலும் பார்த்தான். அடுத்த மாட்டையும் பார்த்தான். ஒவ்வொரு குளம்பிலிருந்தும் கல் வெளியே வரும்போது அவனுடைய புருவம் தானாக மேலே போகும். 'அப்படிப் போடு' என்று அர்த்தம்.

இதை முதலில் கண்டுபிடித்தவள் அவன் மனைவி மெரெயோனி.

"சேரா அப்பா, பலாக்காய் கருகுது, இறக்கவா?"

புருவம் உயர்ந்தது. சரி, இறக்கினாள்.

"சேரா அப்பா, உங்க தங்கச்சிக்கு அந்தப் பெரிய பாயைக் குடுத்துடட்டுமா?"

புருவம்.

பாயைக் கொடுத்தனுப்பிய பிறகுதான் மெரெயோனிக்குச் சந்தேகம் வந்தது. நாத்தனாருக்குப் பாய் கொடுப்பதற்கு இந்த மனிதன் இவ்வளவு சீக்கிரம் சம்மதிக்கிறவன் இல்லை.

"சேரா அப்பா, நான் சாக்கியுசாவோட ஓடிப் போயிடலாம்னு இருக்கேன். மத்தியான பஸ்ஸுல."

புருவம் இரண்டும் முடியைத் தொட்டுவிட்டு வந்தன.

"பஸ்ஸுக்கு நேரமாச்சு, கிளம்பட்டுமா?"

"ம்."

அவள் ஓடிப் போகவில்லை. விலிகேசாவின் கூட்டாளி சாக்கியுசாவுக்குப் பல் கிடையாது என்பது ஒரு காரணம். பாயை மட்டும் அன்றைக்கே நாத்தனார் வீட்டிலிருந்து திரும்ப வாங்கி வந்துவிட்டாள்.

பாதிரியார் ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில், கைபேசி என்பது சாத்தானின் கண்ணாடி என்றார். அதற்கான வசனத்தை அவர் வாசித்ததும் கைபேசியில்தான். சாத்தான்மேல் பழி போடுவது சுலபம். அவன் வந்து மறுத்துப் பேசப்போவதில்லை. எதிரே ஒரு மனுஷி பேசும்போது நிமிர்ந்து பார்ப்பதா வேண்டாமா என்பதை எந்தச் சாத்தானும் முடிவு செய்வதில்லை. அதை அந்தந்த ஆள்தான் முடிவு செய்கிறான்.

இப்படி இருக்கும்போதுதான் ஊர்க்கூட்டம் வந்தது.

எங்கள் தலைவர் ராத்து லிவாய் முன்னால் ஆண்கள் சம்மணம் போட்டு, தலையைத் தாழ்த்தி உட்கார வேண்டும். அதுதான் மரியாதை. ஒரு வருஷமாகவே கூட்டத்தில் தலைகள் ரொம்பத் தாழ்ந்திருந்தன. மோவாய் நெஞ்சைத் தொட்டது. கையெல்லாம் மடியில், இடுப்பில் கட்டிய துணியின் மடிப்புக்குள். ராத்து லிவாயிடம் கைபேசி கிடையாது. அவர் உருகிப் போயிருந்தார். "நம்ம பயலுகளுக்கு வயசாக வயசாக மரியாதை கூடுது" என்று பக்கத்து ஊர்த் தலைவரிடம் பெருமை பேசியிருக்கிறார்.

பெண்கள் மண்டபத்துக்குள் வருவதில்லை. பின்வாசலுக்கு வெளியே உட்கார்ந்து கிழங்கு உரிப்பார்கள், தேநீர் போடுவார்கள். கூட்டத்தில் பெண்கள் பேசக் கூடாது என்பது முன்னோர் வழக்கமாம். எந்த முன்னோர், எப்போது, யாரிடம் சொன்னார் என்று கேட்டால் பதில் கிடையாது. அந்த முன்னோருக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தது யார் என்று கேட்டாலும் பதில் கிடையாது.

அன்றைக்கு ஒரு விடுதிக் கம்பெனியின் ஆள் வந்திருந்தான். பெயர் எபெலி. பூப்போட்ட சட்டை. தலைவருக்குக் காணிக்கையாக ஒரு பெரிய கட்டு யங்கோனா வேர் கொண்டு வந்திருந்தான். அதை இடித்துக் கரைத்துச் சிரட்டையில் ஊற்றி ஆளாளுக்குக் கொடுத்தார்கள். சிரட்டை வரும்போது கையைத் தட்டி, வாங்கிக் குடித்து, மறுபடி தலையைத் தாழ்த்திக்கொண்டார்கள். எபெலி நீளமாகப் பேசினான். பேசி முடித்ததும் ஊர் நிர்வாகி அபோரோசா ஒவ்வொரு வம்சத்தின் பெயரையும் சொல்லி, "சம்மதமா?" என்று கேட்டுக்கொண்டே வந்தான்.

விலிகேசாவின் வம்சத்துப் பெயர் வந்த நேரம், ஒரு கறுப்பு மாட்டின் குளம்பிலிருந்து கைவிரல் நீளத்துக்கு ஓர் ஆணி வெளியே வந்துகொண்டிருந்தது.

புருவம் பறந்தது.

"சம்மதம்" என்றான் அபோரோசா. அடுத்த வம்சத்துக்குப் போனான். அங்கேயும் புருவங்கள் உயர்ந்தன. அடுத்த வெள்ளிக்கிழமை கையெழுத்து என்று முடிவாயிற்று.

வீட்டுக்கு வந்த மெரெயோனி சாப்பாட்டைத் தட்டில் போட்டு, தட்டைத் தரையில் ஓங்கி வைத்தாள். அந்தச் சத்தத்தில் விலிகேசாவே நிமிர்ந்தான்.

"என்னாச்சு? ஏன் மூஞ்சத் தூக்கி வச்சிருக்க?"

"கடலைத் தூக்கிக் குடுத்துட்டு வந்து மூஞ்சியப் பத்திக் கேக்கறீங்களா?"

"எந்தக் கடல?"

"எத்தன கடல் வச்சிருக்கீங்க நீங்க?"

"யாருக்குக் குடுத்தேன்?"

மெரெயோனி அவனையே பார்த்தாள். விளையாடவில்லை, நிஜமாகவே தெரியவில்லை என்று புரிந்ததும் அவளுடைய கோபம் வேறு மாதிரி ஆயிற்று. மெதுவாகச் சொன்னாள். விடுதி வரப்போகிறது. ஊருக்கு எதிரே உள்ள பவளத்திட்டைக் கயிறு போட்டு அடைக்கப்போகிறார்கள். வெள்ளைக்காரர்கள் மூழ்கி மீன் பார்ப்பதற்கு. இனி ஊரார் யாரும் அங்கே கால் வைக்கக் கூடாது.

அந்தத் திட்டு பெண்களுடையது. கடல் வற்றும் நேரத்தில் எல்லோரும் கூடையோடு இறங்குவார்கள். மட்டி, நண்டு, திராட்சைக் கொத்துபோன்ற பாசி, அதிர்ஷ்டம் இருந்தால் பேய்க்கணவாய். எங்கள் ஊர் வீடுகளில் உலை கொதிப்பது அதனால்தான்.

"ரெண்டு கையும் தண்ணிக்குள்ள இருக்கும், ஒருத்தியும் போனை எடுக்க முடியாது" என்றாள் மெரெயோனி. "அங்கதான் நான் பேசறதக் கேக்க ஆள் இருக்கு. வீட்டுல இல்ல."

விலிகேசா கையிலிருந்த கிழங்கைத் தட்டில் வைத்தான். கைபேசியைக் கவிழ்த்து வைத்தான்.

மறுநாள் காலையில் சாக்கியுசாவின் வீட்டுக்கு ஓடினான். அத்தை மகன், மச்சான் முறை; இன்னொரு வம்சத்துக்குத் தலைவன். எங்கள் ஊரில் மச்சானை எவ்வளவு கேலி செய்தாலும் கோபித்துக்கொள்ளக் கூடாது.

"மச்சான், நான் சம்மதம் சொல்லலடா. புருவம் தானா போயிடுச்சு."

"கண்ணுல கொசு விழுந்துச்சுன்னு சொல்லு."

"ரெண்டு கண்ணுலயுமா?"

"ஜோடிக் கொசுன்னு சொல்லு."

"நீ அன்னிக்கு என் பக்கத்துலதானே இருந்த? எபெலி அப்படியேவா பேசினான்? கயிறு கட்டறேன்னா?"

சாக்கியுசா அவசரமாகக் கோழிக்குத் தேங்காய் துருவ எழுந்து போய்விட்டான்.

வெள்ளிக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. எபெலி பேனாவோடு உட்கார்ந்திருந்தான். விலிகேசா முட்டி போட்டு முன்னால் நகர்ந்தான்.

"ஐயா, அன்னிக்கு நான் சம்மதம் சொல்லல."

"சொன்னியேப்பா" என்றார் ராத்து லிவாய். "உன் புருவம் எனக்குக் கண்ணாடி போடாமலே தெரியுமே."

"அது வேற விஷயத்துக்குத் தூக்கினது ஐயா."

"வேற எந்த விஷயம்?"

விலிகேசா கூரையைப் பார்த்தான். பின்வாசலைப் பார்த்தான். அங்கே மெரெயோனி கிழங்கும் கத்தியுமாக உரிக்காமல் உட்கார்ந்திருந்தாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட்டான்.

"மாட்டுக் குளம்பு ஐயா."

"என்னது?"

"மாட்டுக் குளம்புல ஆணி மாட்டியிருந்துச்சு. எடுத்தாங்க. போன்ல. அதுக்குத்தான் தூக்கினேன். இங்க பேசினது ஒரு வார்த்தையும் என் காதுல விழல."

மண்டபம் வெடித்தது. கூரை ஓலை ஆடும்படி சிரித்தார்கள். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தது சாக்கியுசா. "என் மச்சான் மாட்டு வைத்தியர் ஆயிட்டான்! மாடுதான் இன்னும் வரல!"

விலிகேசாவுக்குக் காது சிவந்தது. திரும்பினான்.

"சிரிக்காத மச்சான். நீ கேட்டியா? அன்னிக்கு இவர் என்ன பேசினார்? சொல்லு பார்ப்போம்."

சாக்கியுசாவின் சிரிப்பு பாதியில் நின்றது. "அது... நல்லாத்தான் பேசினார்."

"என்ன பேசினார்?"

"எனக்கு எப்படித் தெரியும்? போன்ல ஹாங்காங் ரக்பி மேட்ச் ஓடிட்டிருந்துச்சு. நம்ம பசங்க கடைசி நிமிஷத்துல பந்தோட கோடு தாண்டினாங்க. யாருக்குத்தான் புருவம் தூக்காது?"

ராத்து லிவாய் அடுத்த வம்சத் தலைவனைப் பார்த்தார். அவன் மகன் அனுப்பிய பேரனின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தானாம். அடுத்தவன் ஒரு அம்மாள் கேக்கின்மேல் ரோஜாப்பூ செய்வதைப் பார்த்தானாம். ஏன் என்று அவனுக்கே தெரியவில்லை.

"அபோரோசா, நீ நிர்வாகி. நின்னுக்கிட்டுக் கேள்வி கேட்டவன். நீயாவது கேட்டியா?"

அபோரோசா தலையைச் சொறிந்தான். "முடிச்சிட்டார்னு தெரிஞ்சதும் கேள்விய ஆரம்பிச்சேன் ஐயா. அதுவரைக்கும் போன்ல சீட்டு விளையாடினேன்."

"அப்ப நீங்கள்லாம் குனிஞ்சது எனக்கு இல்லையா?" என்றார் ராத்து லிவாய்.

இப்போது ஒருவரும் குனியவில்லை.

"ஐயா கேட்டிருப்பீங்களே" என்றான் எபெலி ஆவலோடு.

"நான் இவனுக எல்லாரும் தூக்கினதப் பார்த்துட்டுத்தான் தூக்கினேன்" என்றார் அவர் எரிச்சலோடு. "அப்ப யாருதான்யா கேட்டது அன்னிக்கு?"

"நாங்க கேட்டோம்."

பின்வாசலில் மெரெயோனி எழுந்து நின்றிருந்தாள். கையில் பாதி உரித்த கிழங்கு.

"பொம்பளைங்க கூட்டத்துல பேசறது உங்க வழக்கமில்லையே" என்றான் எபெலி.

"ஆம்பளைங்க கூட்டத்துல மாட்டுக் குளம்பு பாக்கறதும் வழக்கமில்ல" என்றார் ராத்து லிவாய். "உள்ள வாம்மா. எல்லாரும் வாங்க. சொல்லுங்க, இந்த ஆள் என்ன பேசினாரு?"

பெண்கள் உள்ளே வந்து பாயின் நடுவில் உட்கார்ந்தார்கள். மெரெயோனி சொன்னாள். அவள் விட்டதை அடுத்தவள் சொன்னாள். கயிறு, மிதவை, காவலுக்குப் படகு. முப்பது வருஷம். எதற்குமே அவர்கள் யாரும் கத்திப் பேசவில்லை. கத்தியது ஆண்கள்தான்.

"முப்பது வருஷமா!"

"என் பேரன் எங்க மீன் பிடிப்பான்?"

"யார்டா இதுக்குச் சம்மதம் சொன்னது?" என்று கேக் பார்த்தவன் எழுந்தே விட்டான். பக்கத்தில் இருந்தவன் அவன் துணியைப் பிடித்து உட்கார வைத்தான்.

ஓர் ஊரின் கடல், நாலைந்து பேருடைய புருவ மயிரில் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. அந்தக் கடலில் இடுப்பளவு நிற்கிறவர்களை ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. இதற்குக் கைபேசி மட்டும் காரணம் என்று சொன்னால் நம்பாதீர்கள். முன்பெல்லாம் இதே கூட்டத்தில் இதே ஆட்கள் தூங்கினார்கள்.

ராத்து லிவாய் மறுபடியும் வம்சம் வம்சமாகக் கேட்டார். "வாயால சொல்லணும்" என்றார். விலிகேசா, "முடியாது" என்றான். அவன் பேசி இத்தனை சத்தம் வெகுநாளாக நாங்கள் கேட்டதில்லை. சாக்கியுசா, "முடியாது" என்றான். பிறகு அவர் பெண்கள் பக்கம் திரும்பினார். அங்கே பதினைந்து வாய் ஒன்றாகத் திறந்தது. எபெலி பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டான்.

அவன் படகு கிளம்பிய பிறகும் கூட்டம் கலையவில்லை. பேச இன்னும் பள்ளிக்கூடக் கூரை பாக்கி இருந்தது. தண்ணீர்க் குழாய் பாக்கி இருந்தது. அபோரோசா தொண்டையைச் செருமி, "ஒரு வாளித் தண்ணி வந்தா இன்னொரு சுத்து யங்கோனா கரைக்கலாம்" என்றான். பழக்கத்தில் பின்வாசலைப் பார்த்துச் சொன்னான். பின்வாசலில் யாரும் இல்லை. கிழங்குத் தோலும் கோழியும்தான் இருந்தன.

மெரெயோனி நகரவில்லை. "கூரையப் பத்திப் பேசறாங்கல்ல, கேக்கணும்" என்றாள். "வாளி கதவுகிட்ட இருக்கு. போற வழியில கோழியையும் விரட்டி விட்டுடு."

அபோரோசா ராத்து லிவாயைப் பார்த்தான். அவர் வெற்றுச் சிரட்டையைத் தூக்கிக் காட்டினார். அபோரோசா வாளியை எடுத்துக்கொண்டு குழாயடிக்கு நடந்தான்.