பந்துத் திடல் ஊர் நடுவுக்குப் போனது

பவுனம்மா அக்கா பிறந்ததும் வாழ்க்கைப்பட்டதும் எங்கள் தோட்டத்திலேயே. ரப்பர் போய் எண்ணெய்க்கான செம்பனை வந்தது. செம்பனை போய் ஷா ஆலம் நகரம் வந்தது. அவர் கையிலிருந்த மண்வெட்டி மட்டும் மாறவில்லை. நகரத்தில் வேலை எடுத்த குத்தகைக்காரர் எங்கள் புல்வெட்டுக் கூட்டத்தை அப்படியே சேர்த்துக்கொண்டார். அக்காதான் எங்களுக்குத் தலைவி.

நகரத்தை மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்துக்குத் தலைநகராக அறிவிக்க இருந்த வாரம் அது. மேற்பார்வையாளர் ரம்லி, பெரிய வட்டச்சாலையின் நடுமேட்டைக் காட்டி, "சுத்தம் பண்ணிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தோட்டத்தில் சுத்தம் என்றால் மரத்தடியில் ஒரு புல் நிற்கக்கூடாது. குனிந்த தலை நிமிராமல் சுரண்டினோம். மத்தியானம் ரம்லி திரும்பி வந்தபோது மேடு முழுக்கச் செம்மண். வழித்த புல் வெயிலில் சருகாகிக் கிடந்தது.

"ஐயோ அக்கா! அது நட்ட புல்லு!"

"புல்லப் போயி யாருங்க நடுவாங்க?" என்றார் அக்கா. உண்மையாகவே கேட்டார்.

"சுத்தம்னா காகிதம், குப்பை! நாலு நாள்ல விழா. புதுப் புல்லு வர ரெண்டு வாரம் ஆகும். உங்க எல்லாருக்கும் வேல போயிடும். எனக்குந்தான்."

எங்களில் சிலர் அழத் தொடங்கிவிட்டார்கள். அக்கா அழவில்லை. தோட்டத்து லயத்து வீடுகளின் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் நேராகத் தோட்டத்துப் பந்துத் திடலுக்குப் போனார். அவர் கணவர் ஏகாம்பரம் கால்பந்தாட்டத்தில் கோல் காத்துக்கொண்டு நின்றார்.

"இந்தப் புல்லு எனக்கு வேணும்."

"பைத்தியமாடி ஒனக்கு? ஞாயித்துக்கெழம ஆட்டம் இருக்கு!"

"அடுத்த மாசம் இங்க கட்டடம் எழும்பப் போவுது. அப்ப இந்தப் புல்லு மண்ணுக்கடியில போவும். இப்பக் குடுத்தா ஊருக்கு நடுவுல போயி ஒக்காரும். எது மரியாத, நீயே சொல்லு."

ஏகாம்பரம் குனிந்து காலடிப் புல்லைப் பார்த்தார்.

"நீ வுட்ட கோலையெல்லாம் அது அங்க போயிச் சொல்லாது, பயப்படாத."

ஆட்டக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஏகாம்பரம் கையுறையைக் கழற்றினார். "சரி, கோல் பக்கம் நான் வெட்டுறேன்."

"அங்க ஏது புல்லு? நீ பொரண்டு பொரண்டு தேச்சுட்டியே!"

மறுநாள் மண்ணோடு பாளம் பாளமாகப் பெயர்த்து லாரியில் ஏற்றினோம். மேட்டில் பதித்து, வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்தோம். அந்த ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் நடக்கவில்லை.

விழா நாளில் மேடு பச்சைப்பசேல் என்று இருந்தது. பெரிய மனிதர்களின் கார்கள் அதைச் சுற்றி வந்தன. கூட்டத்தில் யாரோ விட்ட காகிதக்கொடி ஒன்று பறந்து வந்து புல்லில் விழுந்தது. ரம்லிக்கு முகம் வெளிறியது.

"அக்கா... சுத்தம்..." என்று இழுத்தார்.

அக்கா மண்வெட்டியை என் கையில் திணித்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, அத்தனை பேர் பார்க்க வெறுங்கையோடு மேட்டில் ஏறினார். கொடியை எடுத்துக்கொண்டு, நிமிர்ந்து நடந்து வந்தார்.

கூட்டத்தைத் தடுக்கக் கட்டியிருந்த கயிற்றுக்கு அந்தப் பக்கமிருந்து ஏகாம்பரத்தின் குரல் கேட்டது: "யோவ், அது எங்க திடலுய்யா! நடந்து போறது என் பொண்டாட்டி!"