ஐந்தைந்து எண்களாக வந்த எச்சரிக்கை

எழுபதுகளின் கடைசியில், ஒரு காலை, என் அண்ணனின் இறால் வலையைப் போலீஸ் படகு அறுத்துப்போட்டது.

பழவேற்காடு ஏரியில் எங்கள் ஊருக்குப் பாடு உண்டு. எந்த இடத்தில் எந்த நாள் யார் வலை கட்டுவது என்று ஊர் கூடிச் சீட்டுப் போட்டு முடிவு செய்யும். முன்னதாகச் சொன்னால் இன்னொருவரோடு நாளை மாற்றிக்கொள்ளலாம். நாள் வந்துவிட்டால் மாற்ற முடியாது. அன்று அண்ணனின் நாள்.

அன்றைக்கே ஒரு மந்திரி படகில் ஏரியைப் பார்க்க வந்தார். அவர் வருவது ஊருக்கே தெரியும். சாலையோரக் கற்களுக்குச் சுண்ணாம்புகூட அடித்தாகிவிட்டது. அவர் போகும் தடத்தில் வலை இருக்கக் கூடாது என்பதுதான் யாருக்கும் தெரியாது.

அறுந்த வலையைத் தோளில் போட்டுக்கொண்டு அண்ணன் ஸ்டேஷனுக்குப் போனார். பத்திரிகைக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்த நானும் போனேன்.

"நேத்தே ஒரு வார்த்த சொல்லியிருந்தா நாள மாத்தினு இருப்பேனே சார்!"

வயர்லெஸ் கான்ஸ்டபிள் ஒரு தாளை எடுத்துப் போட்டார். "நேத்து சாயங்காலமே வந்துச்சு நைனா. நீயே படி, இன்னா கீதுனு."

ஐந்தைந்தாக எண்கள். ஓர் எழுத்துகூட இல்லை.

"இத்த பிரிக்கிற புக்கு பொன்னேரியில கீது. அத வச்சினு இருக்கிற ஐயா பந்தோபஸ்துக்குப் பூட்டாரு."

மந்திரியின் பயணம் 'ரகசியம்' என்ற வகை; சங்கேதத்தில்தான் அனுப்ப வேண்டும். சங்கேதப் புத்தகம் அதற்கும் மேலான வகை. சின்ன ஸ்டேஷனில் வைக்கக் கூடாது. இரண்டு விதிகளையும் எழுதியவர்கள் சம்பளம் வாங்கிய பெரிய அதிகாரிகள்.

மறுவாரம் செய்திக்காகப் பொன்னேரி ஸ்டேஷனுக்குப் போனபோது, பிரித்து எழுதிய தாளை ஒரு மேசையில் பார்த்தேன். பயண நேரத்துக்குக் கீழே ஒரு வரி: 'மீனவர்களுக்கு முன்னதாகத் தெரிவித்து வலைகளை அகற்றச் செய்யவும்.' ஊருக்குச் சொல்வதற்கென்றே எழுதிய வரி. அதையும் சேர்த்துப் பூட்டியிருந்தார்கள். அதை மட்டும் தனியே தமிழில் அனுப்ப ஒருவருக்கும் தோன்றவில்லை.

அண்ணன் வலைக்கு நஷ்டஈடு கேட்டு மனு கொடுத்தார். பதில் வந்தபோது அவர் அடுத்தவர் படகில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தார். நான் படித்துக் காட்டினேன்: தகவல் முந்தைய நாள் மாலையே நிலையத்தில் பெறப்பட்டது, எனவே முன்னறிவிப்பு இல்லை என்பது தவறு, செய்தி ரகசிய வகை என்பதால் நகல் தர இயலாது.

"அப்போ என்னாண்ட சொல்லிட்டாங்கன்றான்?"

"ஆமாண்ணா."

"நான் கேட்டுட்டும் வலைய கட்டினேன்றான்."

இன்னொரு மனு எழுதலாம் என்றேன். அவர் அடுத்தவர் படகுக்குப் போனார்.