நான் அழித்த டெஸ்ட்டுகளும் வேலப்பன்சாவடி பரீட்சையும்

ஒரு டெஸ்ட்டை அழித்தால், அது எதைச் சோதித்துக்கொண்டிருந்ததோ அந்தச் சாமானும் சேர்ந்து கெட்டுப்போகும் — இப்படி ஒரு நம்பிக்கை எனக்கு இருந்தது. அரை டிராயர் வயதில் இல்லை. நாற்பதை நெருங்கும்போது. அதுவும் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் சம்பளம் வாங்கிக்கொண்டு!

இது ஏன் இப்போது ஞாபகம் வந்தது? போன வாரம் வசந்தா — இந்தப் பத்தியில் மாதம் ஒருமுறையாவது தலை உருளும் என் மனைவி — ஃபிரிட்ஜுக்கு மேலே இருந்த மருந்து டப்பாவைக் கவிழ்த்து, காலாவதியான காய்ச்சல் மாத்திரைகளை எல்லாம் குப்பைக்கூடையில் போட்டாள். கொஞ்ச நேரத்தில் எனக்கு உடம்பு கணகணவென்று சுட ஆரம்பித்துவிட்டது. தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தால் நார்மல்.

“தூக்கிப் போடும்போது நீங்க பக்கத்துல இருந்திருக்கக் கூடாது” என்றாள்.

அப்போதுதான் கோமதி மேடத்தை நினைத்துக்கொண்டேன்.

தொண்ணூறுகளின் நடுவில், அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன கம்பெனி. கீழே லேத் பட்டறை, மாடியில் நாங்கள். ஏ.சி. உண்டு — எங்களுக்காக அல்ல, கம்ப்யூட்டர்களுக்காக. செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். மதியம் லேத் ஓட ஆரம்பித்தால் மானிட்டர்கள் லேசாக நடுங்கும். நானும் கூடவே நடுங்குவேன், புரொபேஷனில் இருந்தேனே!

அதற்கு முன் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில் வேலை. நிரந்தரமான வேலை. அதை விட்டுவிட்டு, மாலை வகுப்பில் படித்த கம்ப்யூட்டர் கோர்ஸை நம்பி இங்கே வந்திருந்தேன். என் மாமனாருக்கு இதில் துளியும் சம்மதம் இல்லை. அவர் ஆவடியில் பாதுகாப்புத் துறை தொழிற்சாலையில் சார்ஜ்மேன், குவார்ட்டர்ஸ்வாசி. நாங்கள் பக்கத்தில் முத்தாபுதுப்பேட்டையில் வாடகைக்கு இருந்தோம். ஞாயிற்றுக்கிழமை தோறும் சைக்கிளில் வந்து, “கன்ஃபர்ம் பண்ணிட்டாங்களா மாப்ளே?” என்று கேட்டுவிட்டு, காபி குடித்துவிட்டுப் போவார். அந்தக் கேள்வி காபியைவிடச் சூடாக இருக்கும்.

அந்த மாதக் கடைசியில்தான் கன்ஃபர்மேஷன். கிடைக்காவிட்டால்? ஸ்டோர்ஸ் வேலையும் இல்லை, இதுவும் இல்லை... ஞாயிற்றுக்கிழமை மட்டும் தவறாமல் வரும்.

எங்கள் கம்பெனி கல்லூரி லேப்களுக்கு மைக்ரோபிராசஸர் போர்டுகள் செய்து விற்றது. கூடவே ஒரு டீபக்கர். அது என்ன? டிக்கெட் செக்கிங் இன்ஸ்பெக்டர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமை, நாம் சொல்லும் வரியில் கை காட்டி நிறுத்தி, ‘பையில் என்ன வைத்திருக்கிறாய், காட்டு’ என்று கேட்கும். தப்பு எங்கே என்று நாம் கண்டுபிடிக்கலாம்.

சரி, இந்த இன்ஸ்பெக்டர் ஒழுங்காக வேலை செய்கிறாரா என்று யார் பார்ப்பது? அதற்குத்தான் டெஸ்ட்டுகள். குட்டிக்குட்டிப் புரோகிராம்கள். ‘இந்த வரியில் நில்’ என்றால் நிற்கிறதா? நின்றால் பாஸ், இல்லாவிட்டால் ஃபெயில். நாங்கள் சாப்பிடப் போகும்போது ஓட விட்டுவிட்டுப் போவோம். வந்து பார்த்தால் திரை முழுக்க ஃபெயில், ஃபெயில் என்று வரிசையாக நிற்கும்.

யாரும் பதறமாட்டார்கள்.

ஏனென்றால் அவற்றில் முக்கால்வாசி கம்பெனி எப்போதோ செய்வதை நிறுத்திவிட்ட ஒரு பழைய போர்டுக்கான டெஸ்ட்டுகள். “அது அப்படித்தான் ஃபெயில் ஆகும்” என்று ஆளாளுக்குச் சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்துவிடுவார்கள். ஒருநாள் நிஜமான தப்பு ஒன்று அந்தக் கூட்டத்தில் நின்றுகொண்டிருந்தது. யார் கண்ணிலும் படவில்லை. தெரு முழுக்க எந்நேரமும் ஒலிபெருக்கி அலறினால், திருடன் வந்தான் என்று ஒருவர் கத்துவது யார் காதில் விழும்?

அன்றுதான் கோமதி மேடம் என்னைக் கூப்பிட்டார். எங்கள் டீம் லீடர். என்னைவிட வயதில் சின்னவர், வேலையில் பெரியவர். நான் அவரை மேடம் என்பேன், அவர் என்னை சார் என்பார். இரண்டு பேரில் யாருக்கு யார் மரியாதை கொடுக்கிறோம் என்பது கடைசிவரை முடிவாகவில்லை.

பழைய போர்டின் டெஸ்ட்டுகளை எல்லாம் பார்த்து, வேண்டாததை அழிக்கச் சொன்னார்.

அழிப்பதா? நான் ஸ்டோர்ஸில் வளர்ந்தவன் ஐயா! அங்கே கால் உடைந்த ஸ்டூலைக்கூடச் சும்மா தூக்கி எறிய முடியாது. அதை முறைப்படி ‘கண்டம்’ செய்யவேண்டும், அதாவது உதவாது என்று எழுதிக் கழிக்கவேண்டும். ஒருவர் பார்த்து, இன்னொருவர் ஒப்புக்கொண்டு, மேலே ஒருவர் கையெழுத்துப் போட்டு... அதற்குள் ஸ்டூலின் மற்ற கால்களும் தாமாகவே உதிர்ந்துவிடும். மாமனார் ஃபேக்டரியிலும் அதே சாத்திரம்தான். “எடுத்து வெச்சவனை எவனும் கேள்வி கேட்டதில்ல மாப்ளே. தூக்கிப் போட்டவனைத்தான் கேப்பான்” என்பார்.

ஆகவே நான் ஒரு வெள்ளைத்தாளில் அழகாகக் கோடு போட்டு, கீழே மூன்று கையெழுத்துக்கு இடம் விட்டு, மேடத்திடம் நீட்டினேன். அவர் அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

“இது எதுக்கு சார்? ஒவ்வொரு டெஸ்ட்டும் என்ன கேக்குதுன்னு படிங்க. அந்தக் கேள்வி இன்னிக்கும் நமக்கு வேணும்னா வைங்க. வேணாம்னா தூக்குங்க. கையெழுத்து என்ன வேண்டிக்கிடக்கு?”

படித்தேன். நியாயமாகத்தான் பட்டது. அழித்தேன். ஒன்று, இரண்டு என்று அழிக்க அழிக்க எனக்கு ஒருவித வெறியே வந்துவிட்டது. முடிவில், அவற்றின் நகல் இருந்த ஃபிளாப்பிகளையும் துடைத்து, வேறு வேலைக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று காலி செய்துவிட்டேன். அன்று மதியம் டெஸ்ட் ஓட்டினால், ஒரு ஃபெயில்கூட இல்லை. சவரம் செய்த முகம் போலத் திரை பளபளத்தது.

மறுநாள் மதியம் போன் வந்தது.

வேலப்பன்சாவடிப் பக்கம் ஒரு கல்லூரியிலிருந்து. பேசியவர் லேப் இன்சார்ஜ், ஒரு பெண்மணி. நாளைக் காலையில் பிராக்டிகல் பரீட்சை, வெளியிலிருந்து எக்ஸாமினர் வருகிறார், உங்கள் டீபக்கர் திடீரென்று மக்கர் செய்கிறது என்றார். “நிக்கச் சொன்ன லைன்ல நிக்க மாட்டேங்குது சார். ஒரு லைன் தாண்டிப் போய் நிக்குது. எல்லா மிஷின்லயும் அப்படியே பண்ணுது.”

எந்த போர்டு என்று கேட்டேன்.

அதே பழைய போர்டு.

நேற்றுதான் அந்த போர்டின் டெஸ்ட்டுகளை, நகலோடு சேர்த்து, என் கையால் சமாதி செய்தேன். இன்று அது வேலப்பன்சாவடியில் பிசாசாக எழுந்து, சொன்ன இடத்தில் நிற்காமல் ஓடுகிறது! வேறு என்ன காரணம் இருக்க முடியும்?

போனை வைத்துவிட்டு நான் என்ன செய்தேன் தெரியுமா? வாய்விட்டுச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, அழித்த டெஸ்ட்டுகளை ஞாபகத்திலிருந்து திரும்ப டைப் செய்ய ஆரம்பித்தேன். இங்கே டெஸ்ட் திரும்பி வந்துவிட்டால், அங்கே டீபக்கர் குணமாகிவிடும்... நிஜமாகவே அப்படி நம்பினேன். இரண்டு டெஸ்ட் முடித்து, கல்லூரிக்கு மறுபடி போன் போட்டு, “இப்ப எப்படி இருக்கு?” என்றுகூடக் கேட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போன் செய்வது போல!

“அப்படியேதான் சார் இருக்கு” என்றார் அந்தம்மா, பாவம்.

அதற்குள் விஷயம் முதலாளியின் அறைக்குப் போய்விட்டது. அவர் விசுக்கென்று வெளியே வந்தார். நல்ல மனிதர்தான், ஆனால் போன் என்றாலே பதறுவார். நேற்று அழித்தார்கள், இன்று போன் வருகிறது — அவருக்கும் இரண்டையும் முடிச்சுப்போட அதிக நேரம் ஆகவில்லை. இந்த விஷயத்தில் நானும் அவரும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள்.

“யார் அதை அழிச்சது?”

கீழே லேத்தும் அந்த நேரம் பார்த்து நின்று தொலைத்தது. நான் எழுந்து நிற்க முயன்றேன். பாதி எழுந்து, மறுபடி உட்கார்ந்துவிட்டேன்.

கோமதி மேடம் தன் நாற்காலியில் இருந்தபடியே திரும்பினார். “நான்தான் சார் அழிக்கச் சொன்னேன். ஏதாவது ஆச்சுன்னா என்னைக் கேளுங்க.”

முதலாளி என்னைப் பார்த்தார், மேடத்தைப் பார்த்தார். போய்ச் சரி செய்துவிட்டு வாருங்கள், மற்றதைச் சாயங்காலம் பேசிக்கொள்ளலாம் என்று உள்ளே போய்விட்டார். அந்த ‘மற்றது’ என் கன்ஃபர்மேஷன்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

எஸ்டேட் வாசலில் ஆட்டோ பிடித்தோம். அத்திப்பட்டு தாண்டும் முன்பே டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டார்.

“இன்னா சார், ஊட்ல எதுனா கெட்ட சேதியா? மூஞ்சி பேயறஞ்சா மாரி கீது.”

பயத்தில் இருப்பவன் யாரிடமும் சொல்வான். நான் அவரிடம் முழுக்கதையும் சொன்னேன். இங்கே அழித்தேன், அங்கே கெட்டுவிட்டது என்று. அவர் அயனம்பாக்கம் வரை யோசித்தார்.

“இன்னா அண்ணாத்தே நீ... எங்கூட்ல மாட்டிகினு கீற ஆட்டோ போட்டோவ கீச்சிப்புட்டா, தோ இந்த டயரு பஞ்சராவுமா?”

கோமதி மேடம் ஜன்னல் இல்லாத ஆட்டோவில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. பிறகு, சிரிப்பை விழுங்கிக்கொண்டு, மெதுவாகக் கேட்டார்.

“அவங்க லேப்ல இருக்கிற டீபக்கர் எப்ப குடுத்தது சார்?”

“ரெண்டு வருஷம் முன்னாடி மேடம்.”

“நீங்க அழிச்சது?”

“நேத்து.”

“நேத்து இங்க அழிச்சது, ரெண்டு வருஷம் முன்னாடி அங்க போன டிஸ்க்கை எப்படிக் கெடுக்கும்?”

எனக்கு நியாயம் புரிந்தது. பயம் மட்டும் இறங்கவில்லை. பயத்துக்கும் நியாயத்துக்கும் எப்போதுமே பேச்சுவார்த்தை கிடையாதே! அப்புறம்தான் இன்னொன்று உறைத்தது. இவ்வளவு தெளிவாகத் தெரிந்த இவர், முதலாளியிடம் இதையே சொல்லித் தப்பித்திருக்கலாமே? ஏன் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டார்? கேட்டேவிட்டேன்.

“அவர் அப்ப கேட்டது காரணத்தை இல்ல சார், ஆளை. உங்களைச் சொன்னா நீங்க மயங்கி விழுந்திருப்பீங்க. உங்களைத் தூக்கிட்டு வேலப்பன்சாவடி போக முடியுமா?”

கல்லூரி லேப். இன்சார்ஜ் அம்மாவின் கண்கள் கலங்கியிருந்தன. காலையில் எக்ஸாமினர் முன்னால் மானம் போய்விடும் என்ற கவலை. நேற்று மதியம்வரை நன்றாக ஓடியது, அதற்குப் பிறகு யாரும் எதையும் தொடவில்லை என்றார். நாங்களும் கேட்டோம். எதையுமே தொடவில்லையா? தொடவே இல்லை.

மேடம் ஒரு மிஷின் முன்னால் உட்கார்ந்தார். மாதிரிப் புரோகிராமைத் திறந்து, ஒரு வரியில் நிற்கச் சொன்னார். தாண்டிப் போய் நின்றது. இன்னொரு வரியில் சொன்னார். அதிலும் ஒரு வரி தாண்டல். எல்லாவற்றிலும் சரியாக ஒரே ஒரு வரி.

“புரோகிராமை எப்ப கம்பைல் பண்ணீங்க?” கம்பைல் என்றால், நாம் எழுதிய புரோகிராமை மிஷினுக்குப் புரியும் பாஷைக்கு மாற்றுவது.

நேற்றுக் காலையில் ஒரு மிஷினில் செய்து, மற்றவற்றுக்குக் காப்பி எடுத்தோம் என்றார் இன்சார்ஜ் அம்மா.

மேடம் எனக்கு விளக்கினார். தியேட்டரில் டிக்கெட் எல்லாம் விற்றான பிறகு, முன்னால் புதிதாக ஒரு வரிசை நாற்காலி போட்டால் என்ன ஆகும்? டிக்கெட்டில் இருக்கும் எண் ஒன்று, ஆள் போய் உட்காரும் இடம் வேறு. டீபக்கரிடம் இருப்பது கம்பைல் செய்தபோது குறித்த வரி எண்கள். அதற்குப் பிறகு யாரோ புரோகிராமின் மேலே ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள். எல்லாம் ஒரு வரி கீழே இறங்கிவிட்டது. டீபக்கர் மேல் தப்பே இல்லை. மறுபடி கம்பைல் செய்தார். சொன்ன இடத்தில் நின்றது. அவ்வளவுதான்!

இன்சார்ஜ் அம்மா எங்களுக்கு கேன்டீனில் போண்டா வாங்கிக் கொடுத்தார். பரீட்சை நல்லபடியாக நடந்தது. மாதக் கடைசியில் எனக்குக் கன்ஃபர்மேஷன் வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை மாமனார் கேள்வி கேட்காமல் காபி குடித்தார். அழித்த டெஸ்ட்டுகளை அதற்குப் பிறகு யாரும் தேடவில்லை, நான் உட்பட.

எத்தனையோ ஆபீஸ் பார்த்துவிட்டேன். ‘நான் அப்பவே சொன்னேன்’ என்பவர்கள் எல்லா மேஜையிலும் இருக்கிறார்கள். ‘நான்தான் சொன்னேன்’ என்று சொன்னவரை அந்த ஒரு மாடியில்தான் பார்த்தேன். இன்று நான் ஒருவனின் வேலையைக் காப்பாற்றும் இடத்தில் இருக்கும்போதெல்லாம், நாற்காலியைத் திருப்பிய அந்த மனுஷியை நினைத்துக்கொள்கிறேன். நன்றி மேடம். அன்று சொல்லவில்லை. வாயில் போண்டா இருந்தது.

அதெல்லாம் சரி, எதையும் தொடாத லேப்பில் அந்த ஒரு வரி எங்கிருந்து வந்தது?

பரீட்சை நல்லபடியாக நடக்கவேண்டும் என்று இன்சார்ஜ் அம்மா, நாங்கள் போனதற்கு முந்தின நாள் சாயங்காலம் தனியாக உட்கார்ந்து, ஒவ்வொரு மிஷினிலும் புரோகிராமின் உச்சியில் பிள்ளையார் சுழி போட்டிருந்தார்.