அப்பாவும் மூன்றாவது துளையும்

சேவூரில் மழையை நம்பிய விவசாயக் குடும்பத்தில் பிறந்த எங்கள் அப்பா, பிழைப்புக்காகத் திருப்பூர் வந்து பனியன் கம்பெனியில் மிஷின் ஓட்டினார். யாரையும் கடிந்து பேசாதவர். ஓராண்டு நினைவு நாளில் மகளாகிய நான் இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால், மின்சார விஷயத்தில் அவர் எங்களைப் படுத்திய பாடு உறவினர் எல்லோருக்கும் தெரியும்.

கம்பெனியில் ஒருநாள், கரண்ட் கசிந்த மிஷினைத் தொட்ட கூட்டாளி ஒருவர் அப்பாவின் கண்ணெதிரே இறந்துபோனார். அதன்பிறகுதான் எங்கள் வீட்டுக்கு மின்சாரம் வந்தது. அப்பா எல்லா அறைகளிலும் மூன்று துளை பிளக் பாயிண்டுகளையே வைத்தார். கடையில் வாங்கும் சாமான்களோ இரண்டு பின்னோடு வந்தன. தாய்மாமா ஆசையாக ரேடியோ கொண்டுவந்து, "ரெண்டு ஒயரையும் தீக்குச்சி வெச்சுச் சொருகுனாப் பாடுமுங்க மாமா" என்றார். அப்பா ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மாமா ஆறு மாதம் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை.

அந்த மூன்றாவது துளைக்காகக் கொல்லையில் குழி வெட்டி, கரியும் உப்பும் கொட்டி, இரும்புக் குழாய் இறக்கியிருந்தார். கசியும் கரண்ட் ஆளைத் தொடாமல் மண்ணுக்குள் போய்விடுமாம். அதற்கு மண் ஈரமாக இருக்க வேண்டுமாம். கோடையிலும் தினம் ஒரு குடம். பாத்திரம் கழுவிய தண்ணீர் அவருக்குப் போதவில்லை.

"குடிக்கவே தண்ணி இல்லீங்க. குழிக்கு எங்க போறது?" என்பார் அம்மா.

"நாங் குளிக்கல அம்மிணி. அத ஊத்திரு."

சொன்னபடியே குளிக்காமல் வேலைக்குப் போவார்.

ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பும் அவசரத்தில் அம்மா சேலைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். பட்டென்று ஃபியூஸ் போயிற்று. அப்பா இஸ்திரிப் பெட்டியைக் கழற்றினார். உள்ளே கரண்ட் கம்பி அறுந்து, கை படும் மேல்தகட்டில் ஒட்டிக் கிடந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஃபியூஸ மாட்டுங்க. நேரமாச்சு."

"கையக் காட்டு அம்மிணி."

அம்மாவின் இரு கைகளையும் பற்றியவர் வெகுநேரம் விடவில்லை. கரண்ட் மூன்றாவது துளை வழியே குழிக்குப் போய்விட்டதால் அம்மாவுக்குச் சுரீரென்றுகூட இருக்கவில்லை. அதனால் எதிலிருந்து தப்பினோம் என்பதை அம்மா நம்பவுமில்லை. முகூர்த்தம் முடிந்த பிறகு, கசங்கிய சேலையோடு போய்ச் சேர்ந்தோம். அந்தப் பேச்சை இன்றும் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

பஞ்சுத் தூசி நெஞ்சில் இறங்கி ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும், கட்டிலுக்குப் பின்னால் இருந்த பிளக்கைக் கழற்றி, மூன்றாவது துளைக்கு ஒயர் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி நர்ஸம்மாவை நச்சரித்தார். "சும்மா படுங்க சாமி" என்று அவர் கைகூப்பினார்.

அந்த நர்ஸம்மாவுக்கும், இரவு பகலாக உடனிருந்த அக்கம்பக்கத்தாருக்கும், சேவூரிலிருந்து வந்து தோள்கொடுத்த பங்காளிகளுக்கும், அப்பாவைக் கடைசியாகக் குளிப்பாட்டிய தாய்மாமாவுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

இதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "எங் கோபத்தக் கொஞ்சங் கொறச்சு எழுதியிருக்கலாங் கண்ணு" என்றார்.

குறைத்துத்தான் எழுதியிருக்கிறேன்.